அச்சகத்திலிருந்து ஆட்சிப் பீடத்திற்கு



அநீதி இழைக்கும் ஆட்சியாளர் முன் நின்று உண்மையை உரைப்பதற்கு நமது மார்க்கம் எத்துணை உயர்ந்த இடத்தை வழங்கியுள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை செவியுற்ற நபிமொழி அது. ஆயின், அவ்வாறு உண்மை உரைத்த ஒருவர் பின்னொரு நாளில் தாமே ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்துவிட்டால் அவர் கைப் பேனா என்னவாகும்? இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, கனடா நாட்டின் கிழக்குக் கடற்கரைக்கு இம்மாதம் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அட்லாண்டிக் கடலோரத்தில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அதன் தலைநகர் ஹாலிஃபாக்ஸ் என்னும் துறைமுகப் பட்டினம். அங்கே 1804 டிசம்பரில் பிறந்தவர் ஜோசப் ஹவ். தந்தை ஜான் ஹவ் அரசாங்க அச்சகர். அஞ்சல் தலைவராகவும் இருந்தவர். மகனுக்கு முறையான பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பதின்மூன்று வயதிலேயே தந்தையின் அச்சகத்தில் வேலைக்கு வந்துவிட்டார். எழுத்துக் கோத்துக்கொண்டே கற்றவர் என்று சொன்னால் மிகையாகாது.

1828-ஆம் ஆண்டு தொடக்கத்தில் 'நோவாஸ்கோஷியன்' என்னும் வார ஏட்டை விலைக்கு வாங்கி அதன் ஆசிரியரானார். வயது இருபத்து மூன்று. அதே ஆண்டில்தான் திருமணமும் நடந்தது. ஏட்டுக்குச் செய்தி சேகரிக்கவும் சந்தா நிலுவையை வசூலிக்கவும் அவர் குதிரையேறி மாகாணம் முழுவதும் சுற்றிவந்தார். பத்திரிகை நடத்துவோர் எந்த நாட்டில் இருந்தாலும் சந்தா நிலுவை மட்டும் அவர்களை விடுவதில்லை போலும்! அவர் ஊரில் இல்லாத நாட்களில் அச்சகத்தையும் ஏட்டையும் கவனித்துக்கொண்டவர் அவருடைய துணைவியார். வரலாற்று நூல்கள் இந்த அம்மையாரை ஓரிரு வரிகளில் கடந்து சென்றுவிடுகின்றன.

அக்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை கிடையாது. அரசு நியமித்த மாஜிஸ்திரேட்டுகளே வரி விதித்தனர்; அபராதம் வசூலித்தனர்; ஏழையர் விடுதியையும் சிறையையும் மேற்பார்வையிட்டனர். கணக்குக் கேட்பார் எவருமில்லை. 1835 ஜனவரி முதல் நாள் 'நோவாஸ்கோஷியன்' ஏட்டில் 'மக்கள்' என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் மாஜிஸ்திரேட்டுகளும் காவல் துறையினரும் மக்களின் சட்டைப்பையிலிருந்து முறைகேடாகப் பறித்த தொகை 30,000 பவுனுக்கும் மேல் என்று அக்கடிதம் குற்றஞ்சாட்டியது. கடிதத்தை எழுதியவர் ஹவ் அல்லர், அவருடைய நண்பர். ஆனால் வெளியிட்டவர் ஹவ். எனவே அவர்மீதுதான் வழக்குப் பாய்ந்தது. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஹவ்வின் முதிய தந்தையும் அந்நகரின் மாஜிஸ்திரேட்டுகளுள் ஒருவர்! ஊதியம் கருதாது உழைத்த நேர்மையாளர் அவர் என்றாலும், அச்சான கடிதம் எவருக்கும் விலக்கு அளிக்கவில்லை.

வழக்கு, அரசுக்கெதிரான அவதூறு என்னும் பிரிவின் கீழ் தொடுக்கப்பட்டது. இச்சட்டத்தின் விசித்திரத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எழுதியது உண்மையா பொய்யா என்பது அங்கே கேள்வியே அன்று. அதிகாரிகள்மீது மக்கள் கொண்டுள்ள மதிப்பைக் குலைத்து அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக் கூடியதா என்பது மட்டுமே கேள்வி. ஹவ் வழக்கறிஞர்கள் சிலரை அணுகினார். வெல்ல வழியில்லை என்று அனைவரும் ஒரே குரலில் கூறினர். அவர்களிடமே சட்ட நூல்களை இரவல் பெற்று வந்து, ஒரு வாரம் வீட்டில் கிடந்து படித்தார். பிறகு தமக்காகத் தாமே வாதாடுவது என்று முடிவெடுத்தார்.

1835 மார்ச் மாதம் தொடங்கிய விசாரணையின்போது நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. பள்ளிப்படிப்பு இல்லாத அந்த முப்பது வயது அச்சகத்துக்காரர் ஜூரிகளை நோக்கி ஆறேகால் மணி நேரம் பேசினார். சட்டத்தின் நுணுக்கங்களைக் காட்டிலும் நகரின் அன்றாட அவலங்களையே அவர் அடுக்கினார். ஏழையர் விடுதியும் சிறையும் எவ்வாறு நடத்தப்படுகின்றன, நகர வரியை எவர் செலுத்துகிறார், எவர் செலுத்தாமல் தப்புகிறார் என்பனவற்றையெல்லாம் விளக்கினார். நகரத்தில் கடைவைத்து வாழும் அந்த ஜூரிகள் தம் சொந்த அனுபவத்தில் அறிந்த செய்திகள் இவை. உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுண்ட ஒரு பத்திரிகையையா விட்டுச் செல்லப் போகிறீர்கள் என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரமாக இருந்தது.

மறுநாள் தலைமை நீதிபதி பிரென்டன் ஹாலிபர்ட்டன், இது அவதூறே என்பது தம் கருத்து என ஜூரிகளிடம் தெளிவாகவே கூறிவிட்டார். ஜூரிகள் உள்ளே சென்றனர். பத்து நிமிடங்களில் திரும்பி வந்தனர். 'குற்றவாளி அல்லர்' என்பது அவர்கள் தீர்ப்பு. மக்கள் ஹவ்வைத் தோளில் சுமந்து வீடுவரை ஊர்வலமாகச் சென்றனர். மாஜிஸ்திரேட்டுகள் சிலர் பதவி துறந்தனர். மகனின் வெற்றியைக் கண்ட தந்தை அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

சட்டம் அன்று மாறிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவதூறுச் சட்டம் அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் அதற்குத் தலைவணங்க மறுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் பின்னர் அம்மாகாணத்தில் ஒரு பத்திரிகையாசிரியரைக் கூண்டில் ஏற்றுமுன் அதிகாரிகள் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டே, 1836-இல், ஹவ் ஹாலிஃபாக்ஸ் கவுண்டியிலிருந்து மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒன்று இருந்தபோதிலும், உண்மையான அதிகாரம் பன்னிருவர் கொண்ட நியமனக் கவுன்சிலிடம் இருந்தது. அவர்களுள் பலர் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லது வணிகக் கூட்டாளிகள். பெரும்பாலோர் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அந்தத் திருச்சபையினரோ மக்கள் தொகையில் ஒரு சிறு பகுதியினர். கதவை மூடிக்கொண்டு கூடுவது அவர்கள் வழக்கம். 1837-இல் ஹவ் கொண்டுவந்த பன்னிரண்டு தீர்மானங்கள் இவற்றையெல்லாம் வெளிப்படையாகக் கண்டித்தன. ஒரு சமயப் பிரிவினரே ஆட்சியை ஆக்கிரமித்துக்கொண்டு ஏனையோரை ஒதுக்குவது அநீதி என்று அன்று முழங்கியவர் அவர். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

அதே 1837-இல் மேல் கனடாவில் இன்னொரு பத்திரிகையாசிரியர், வில்லியம் லயன் மெக்கன்சி, ஏறத்தாழ இதே குறைகளுக்காக ஆயுதம் ஏந்திக் கிளர்ச்சி செய்து, தோற்று, அமெரிக்காவுக்குத் தப்பியோடினார். ஹவ் அவ்வழியை நாடவில்லை. 1839-இல் பிரிட்டிஷ் அமைச்சர் லார்டு ஜான் ரஸ்ஸலுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். இங்கிலாந்தில் வாழும் குடிமகனுக்குள்ள உரிமை கடல் கடந்து வாழும் குடிமகனுக்கு ஏன் இல்லை என்பதே அவற்றின் மையக் கேள்வி. இடையில் 1840-இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. தலைமை நீதிபதியின் மகன், தம் தந்தையை ஹவ் இழிவுபடுத்திவிட்டார் என்று கூறித் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். மானம் காப்பதாகக் கருதி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் அந்த மூடப் பழக்கம் அன்று அங்கே கனவான்களிடையே நிலவியது. எதிரியின் குண்டு குறி தவறியது. ஹவ் தம் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டுத் திரும்பினார்.

பதவி, பதவி விலகல், மீண்டும் 1844-இல் பத்திரிகை ஆசிரியர் நாற்காலி என்று ஆண்டுகள் கழிந்தன. 1847 தேர்தலில் சீர்திருத்தக் கட்சி வென்றது. 1848 பிப்ரவரியில், சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை அங்கே அமைந்தது. பிரிட்டிஷ் பேரரசின் கடல் கடந்த குடியேற்றங்களுள் இத்தகைய ஆட்சி முதன்முதலாக அமைந்தது இங்கேதான். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் பெற்ற உரிமை அது. முதல்வராக அமர்ந்தவர் ஜேம்ஸ் பாயில் யூனியாக். ஹவ் மாகாணச் செயலாளரானார்.

வாசகர்களே, வரலாற்றாசிரியர் பலர் இத்துடன் நிறுத்திக் கைதட்டிவிடுவர். சிறுபான்மைச் சமுதாயத்தவராகிய நாம் அடுத்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டியவர்கள்.

சீர்திருத்தக் கட்சியின் வெற்றிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுள் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் முக்கியமானவர்கள். புரோடஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருந்த மாகாணத்தில் அவர்கள் சிறுபான்மையினர். பலர் கூலித் தொழிலாளர்கள். 1855-இல் கிரிமியப் போருக்கு ஆள்திரட்ட ஹவ் இரகசியமாக அமெரிக்கா சென்றிருந்தபோது, ஹாலிஃபாக்ஸ் ஐரிஷ்காரர் சிலர் அம்முயற்சியை வெளிப்படுத்திவிட்டனர். அன்றே அவர் மனத்தில் கசப்பு விழுந்தது. மறு ஆண்டு மே மாதம், ரயில் பாதை அமைக்கும் இடத்தில், தம் சமய நம்பிக்கை ஏளனம் செய்யப்பட்டதால் சினமுற்ற ஐரிஷ் தொழிலாளர் கூட்டம் ஒன்று புரோடஸ்டண்ட் தொழிலாளர்களைத் தாக்கியது. தாக்குதல் தவறு, அதில் ஐயமில்லை. வழக்கில் தண்டனை கிடைக்காமல் போனது ஹவ்வின் சினத்தை மூட்டியது. அவர் தாக்கியவர்களைக் கண்டித்ததோடு நின்றிருக்கலாம். மாறாக, கத்தோலிக்க சமுதாயம் முழுவதன் மீதும், அவர்கள் நம்பிக்கையின் மீதும் அவர் பேனா பாய்ந்தது. அரசியலில் புரோடஸ்டண்டுகள் ஒன்று திரள வேண்டும் என்னும் அளவுக்கு அவர் சென்றார்.

1835-இல் ஏழைகளுக்காகப் பேசிய அதே பேனாதான். அன்று அது அதிகாரத்தை எதிர்த்து எழுதியது. இன்று அதிகாரத்தின் பக்கத்தில் அமர்ந்து எளியவர்களை எதிர்த்து எழுதியது. பகைமை நீதியை மறைப்பது குறித்துத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கை உங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கு வந்தது. ஒருசிலர் செய்த பிழைக்கு ஒரு சமுதாயமே கூண்டில் நிறுத்தப்படும் வேதனையை எவரும் நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை அல்லவா?

கத்தோலிக்கர்கள் கல்லெடுக்கவில்லை. 1857 பிப்ரவரியில் ஆளுங்கட்சியிலிருந்த கத்தோலிக்க உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் சென்று அமர்ந்தனர். கத்தோலிக்கர் மிகுந்த தொகுதிகளின் புரோடஸ்டண்ட் உறுப்பினர் சிலரும் உடன் சென்றனர். அரசு கவிழ்ந்தது. ஹவ் வாதாடிப் பெற்ற பொறுப்பாட்சியின் விதியே ஹவ்வின் கட்சியை வீழ்த்தியது! அந்த விதியை அவர்கள் எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார்கள் என்று எண்ணி வியக்கிறேன்.

1860 முதல் 1863 வரை ஹவ் முதல்வராகவும் இருந்தார். ஆனால் பழைய ஒளி அந்த ஆட்சியில் இல்லை. பின்னர் மாகாணங்களை இணைத்துக் கனடா கூட்டாட்சி அமைக்கும் திட்டம் எழுந்தபோது, மக்களைக் கேளாமல் இணைக்காதீர்கள் என்று மீண்டும் பேனாவை எடுத்தார். 1867 செப்டம்பர் தேர்தலில், கனடா நாடாளுமன்றத்தில் அம்மாகாணத்துக்குரிய 19 இடங்களுள் 18-ஐ இணைப்பு எதிர்ப்பாளர்கள் கைப்பற்றினர். 1868-இல் அவர் இலண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. இனிப் போராட்டம் வன்முறையில்தான் முடியும் என்று அஞ்சிய அவர், மாகாணத்துக்குக் கூடுதல் நிதி பெற்றுக்கொண்டு 1869 ஜனவரியில் கனடா மத்திய அமைச்சரவையில் சேர்ந்தார். நெடுநாள் நண்பர்கள் பேச்சை நிறுத்தினர். அவர் ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்த நாளேடே அவரைத் தாக்கியது. துரோகம் என்றார்கள். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். தோற்ற போரில் மக்களைப் பலி கொடுக்க மறுத்தவராகவே அவரை இங்கே காண்கிறேன். என் கணக்கில் அவர்மீதுள்ள குறை 1869 அன்று; 1856.

1869 குளிர்காலத்தில் நடந்த இடைத்தேர்தல் பிரசாரம் அவர் உடல்நலத்தை முறித்தது. 1873 மே மாதம் நோவா ஸ்கோஷியாவின் லெப்டினன்ட் கவர்னராக நியமிக்கப்பட்டு ஆளுநர் மாளிகைக்குள் நுழைந்தார். மூன்று வாரங்களில், ஜூன் முதல் நாள், அம்மாளிகையிலேயே உயிர் பிரிந்தது.

ஹாலிஃபாக்ஸ் சட்டமன்றக் கட்டடத்தின் வளாகத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு. உள்ளே, அவர் ஆறேகால் மணி நேரம் நின்று பேசிய அந்த நீதிமன்ற அறை, இப்போது சட்டமன்ற நூலகமாக இருக்கிறது.