பெயரும் சான்றும்

ஒரு பொருளின் பெயரை அறிந்தால் அதன் இயல்பையும் அறிந்தவராவோம் என்று எண்ணுவார் பலர். சொல்லாராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட எம்போன்ற தமிழ் மாணவர்க்கு இவ்வெண்ணம் சிறிது மிகுதியாகவே உண்டு. எம்பால் இருந்த அவ்வெண்ணம் சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டுக் கிணற்றடியில் உடைந்துபோயிற்று. அதனால் யாம் பெற்ற பயனை நம் கல்லூரி அன்பர்கட்கு உரைத்தலும், பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறைபற்றி எம் கருத்தைக் கூறுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டாம் வகுப்பிற் பயிலும் எம் தங்கை ஒருநாள் தாழ்வாரத்தில் அமர்ந்து பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "அமிலம் புளிப்புச் சுவையுடையது, நீல லிட்மஸைச் சிவப்பாக மாற்றும். காரம் கசப்புச் சுவையுடையது, சிவப்பு லிட்மஸை நீலமாக மாற்றும்" என்று அவள் கூறியதில் ஒரு சொல்லும் பிறழவில்லை. அவ்வேளையில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த எம் அன்னையார், குழம்பு சிந்திய வேட்டியொன்றில் சவுக்காரத்தைத் தேய்த்தார். மஞ்சட்கறை உடனே செந்நிறமாயிற்று. "இஃது ஏன் சிவந்தது?" என்று தங்கையை வினவினோம். அவள் விழித்தாள். லிட்மஸ் தாளைக் கண்ணாற் கண்டதுண்டோ என்று கேட்டோம். "கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, அண்ணா; பார்வையிட அதிகாரிகள் வரும்போது திறப்பார்கள்" என்றாள்.

வாயில் ஒன்று, கண்முன் மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்பதை அப்பெண்ணுக்கு எவரும் காட்டவில்லை. சவுக்காரம் காரத்தன்மை உடையது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். அச்செந்நிறத்தின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். மணவீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலத்திக்குச் செந்நீர் ஆக்கும் நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சோதனையும் இதுவே. அமில காரங்களை நிறத்தால் வேறுபடுத்திக் காட்டும் இத்தகைய பொருளையே நிறங்காட்டி என்பர்.

இவற்றையெல்லாம் தங்கைக்கு விளக்கிய பெருமிதத்தோடு, யாம் ஒரு தாளில் காரப்பொருள்களின் பட்டியல் ஒன்று எழுதினோம். சுண்ணாம்பு, சவுக்காரம், வெங்காரம், படிகாரம் என்பன அவை. "படிகாரமும் காரந்தானா?" என்றாள் தங்கை. "பெயரிலேயே காரம் நிற்கின்றதே, இதில் ஐயம் என்ன?" என்றோம் யாம். விடுதியில் எம்முடன் உறையும் வேதிநூல் மாணவர் ஒருவர் தந்த லிட்மஸ் தாள்கள் சில எம் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றையும் நீரிற் கரைத்துச் சோதித்தோம். சுண்ணாம்பும் சவுக்காரமும் வெங்காரமும் சிவப்புத் தாளை நீலமாக்கின. படிகார நீரோ அதனைத் தீண்டியும் மாற்றவில்லை. நீலத்தாளை இட்டபொழுது அது சிவந்தது. படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையதென்பது வேதிநூல் கற்றார் யாவரும் அறிந்த செய்தி. தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாமோ சொல்லின் ஈற்றைக் கண்டு பொருளின் இயல்பைத் தீர்ப்பிட்டோம். தங்கை நகைத்தாள். அந்நகையை யாம் இன்னும் மறந்திலோம்.

அத்துடன் அவள் விட்டாளில்லை. அடுக்களையிலிருந்து பச்சை மிளகாய் ஒன்றைக் கொணர்ந்து நசுக்கி, "இதைவிடக் காரமானது எது?" என்று சிவப்புத் தாளின்மேல் வைத்தாள். தாள் சிவப்பாகவே இருந்தது. வடமொழியின் க்ஷாரம் தமிழிற் காரம் என வழங்கலாயிற்று. நாவை எரிக்கும் சுவைக்கும் அதே சொல்லை ஆளுகின்றோம். ஆதலின், பாடநூலிற் 'காரம்' என்று படிக்கும் குழந்தை மிளகாயை நினைத்தால் பிழை குழந்தையதன்று. அறுசுவையுள் ஒன்றற்குக் கார்ப்பு என்னும் நற்சொல் நம்மிடம் இருக்கின்றது. சுவையைக் கார்ப்பு என்றும், வேதிப்பொருளைக் காரம் என்றும் பாடநூலார் பிரித்து வழங்குவாராயின் மயக்கம் பெரிதும் ஒழியும். இது தமிழ் மாணவர் அறிவியலுக்குச் செய்யத்தக்க ஒரு சிறு தொண்டு.

பெயரால் மயங்கியவர் யாம் மட்டுமல்லேம் என்பது ஓர் ஆறுதல். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லவாய்சியர், கந்தகமும் பாஸ்பரமும் எரிந்து அமிலம் தருதலைக் கண்டு, எரிதற்குத் துணையாகும் வாயுவே எல்லா அமிலங்கட்கும் மூலம் என்று துணிந்தார். அதற்குப் புளிப்பை ஈனுவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 1777-இல் பெயரும் அமைத்தார். அதுவே ஆக்சிஜன். இங்கிலாந்து நாட்டு ஹம்பிரி டேவி 1810-இல் குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவினார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்சிஜன் சிறிதும் இல்லாமலே அமிலமாய் நிற்றல் அதனால் தெளிவாயிற்று. கொள்கை வீழ்ந்தது, பெயரோ இன்றும் நிலைத்திருக்கின்றது. சோதனை பெயரைத் திருத்துமேயன்றிப் பெயர் சோதனையைத் திருத்தாது.

அவருக்கு நூறாண்டுக்கு முன்னரே இராபர்ட் பாயில் என்பார் தாம் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், ஊதாப்பூவின் பாகு அமிலத்தாற் சிவப்பாகவும் காரத்தாற் பச்சையாகவும் மாறுதலை விளக்கினார். பூவின் சாறே அவர்க்குக் கருவியாயிற்று. நம் வேலியிற் படரும் சங்குப்பூவின் நீலச்சாறும் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். சுண்ணாம்பு நீர் பட்டாற் பசுமை கொள்ளும். பாயிலுக்குப் போதிய கருவி நம் பள்ளிச் சிறார்க்குப் போதாதோ?

"மஞ்சளும் பூவும் விளையாட்டுப் பொருள்கள், துல்லியமான அறிவியலுக்கு உதவா" என்று மறுப்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். அமிலத்திலும் தூயநீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். ஆகவே, சிவக்காத பொருளெல்லாம் அமிலம் என்று கொள்ளுதல் தவறு. ஆயின், ஆய்வுக்கூடத்து நிறங்காட்டிகட்கும் இத்தகைய எல்லை உண்டன்றோ? 1909-இல் சோரென்சன் வகுத்த பி.எச். அளவின்படி தூயநீர் 7-இல் நிற்கும். மெதில் ஆரஞ்சு ஏறத்தாழ 3.1-க்கும் 4.4-க்கும் இடையே நிறம் மாறுவது; பினால்ப்தலீன் 8-க்கு மேற்பட்ட பின்னரே இளஞ்சிவப்பாவது. அதனாலன்றோ புளிக்காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு அளப்பவர் பினால்ப்தலீனையே தேர்கின்றனர்? எந்தச் சான்றும் தான் கண்ட அளவே கூறும். அச்சான்றின் எல்லையை அறிந்து அதனை வினவுதலே அறிவு. இப்பாடத்தை மஞ்சள் தாளே கற்பிக்க வல்லது.

இனி, இதன்கண் உயிர்க்கு ஊறு நேரும் இடமும் ஒன்றுண்டு. அமிலம் புளிக்கும், காரம் கசக்கும் என்று நாவின்மேல் ஏற்றிய பாடத்தை மெய்ப்பிக்க நாவையே கருவியாக்க எண்ணும் சிறுவன் ஒருவன் எங்கேனும் இருத்தல் கூடும். எரிசோடாவும் கந்தக அமிலமும் நாவையும் தொண்டையையும் வெந்து புண்ணாக்குவன. அலமாரியைப் பூட்டிவிட்டுச் சுவையை மட்டும் சொல்லிக்கொடுப்பது குழந்தையை அபாயத்தின் வாயிலில் நிறுத்துவதாகும். சுவைத்தல் ஆகாது என்பதே முதற்பாடமாதல் வேண்டும். ஆகாதென விலக்கியபின் வேறு வழி காட்டுதலும் வேண்டும்.

அவ்வழி எளிதே. மஞ்சட்பொடியை நீரிற் குழைத்து வெள்ளைத்தாளிற் பூசி, உலர்த்தி, நறுக்கிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். செலவு சில காசுகளே. ஒவ்வொரு மாணவனும் தன் கையாற் செய்த தாள்களைக்கொண்டு சவுக்காரம், சுண்ணாம்பு நீர், எலுமிச்சை, மோர் ஆகியவற்றைத் தானே சோதித்து எழுதுக. அதன் பின்னர் அமிலம், காரம் என்னும் பெயர்களை ஆசிரியர் கூறுக. பொருள் முன்னும் பெயர் பின்னுமாக வரும் கல்வியே நிலைக்கும் என்பது எம் துணிபு.

நம் கல்லூரி மாணவர் பலர் விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்கின்றனர். அங்கே தம்பி தங்கையரையும் அண்டைவீட்டுச் சிறாரையும் கூட்டி இவ்வொரு சோதனையைச் செய்வித்து வருவாராயின், பூட்டிய அலமாரிகள் தாமே திறக்கும் நாள் அண்மித்ததாகும். தமிழ் மாணவர் இது வேதிநூலார் கடமை என்று ஒதுங்குதல் வேண்டா. சொல்லை நேசிப்பார்க்கே, சொல் எங்கே பொருளைவிட்டு விலகுகின்றது என்று காணும் கடமை மிகுதியாக உண்டு. எம் பட்டியலிற் படிகாரத்தைத் தங்கை தன் கையாலேயே அடித்துத் திருத்தினாள். அத்தாளை யாம் எம் இலக்கண நூலுள் வைத்திருக்கின்றோம்.