கொல்லைப்புறத்தில் மூங்கில்

மூங்கில் மரமா, புல்லா என்று வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டால் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் “மரம்” என்று ஏகோபித்துக் கூறுவார்கள். மீதி ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஐம்பது அடி உயரம் வானத்தைத் துழாவிக்கொண்டு நிற்கும் ஒன்றைப் புல் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் தொல்காப்பியர் இவ்விஷயத்தில் சிறிதும் தயங்கவில்லை. வெளியே வயிரம் உடையது புல் என்றும், உள்ளே வயிரம் உடையது மரம் என்றும் மரபியலில் அவர் பிரித்து வைத்துவிட்டார். தென்னையும் பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல்லே. இன்றைய தாவர நூலாரும் மூங்கிலை நெல், கரும்பு ஆகியவற்றின் குடும்பத்திலேயே சேர்க்கிறார்கள்.

இந்த உண்மை ஸர்க்காருக்கு எட்டத்தான் சற்றுக் காலதாமதமாயிற்று. ஆங்கிலேயர் 1927-ல் இயற்றிய இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றே வைத்திருந்தது. ஆகையால் ஒருவர் தமது சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றுவதற்குக்கூட அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து எழுபது வருஷங்கள் சென்றபின், 2017-ல், அந்தச் சட்டத்தின் ‘மரம்’ என்ற சொல்லுக்கு எழுதப்பட்ட விளக்கத்திலிருந்து மூங்கிலை எடுத்துவிட்டார்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் இப்போது அந்தச் சட்டத்தின்படி மரம் அன்று. தொல்காப்பியருக்கு ஒருவாறு நியாயம் கிடைத்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூங்கில் புல் என்பதை மனத்தில் கொண்டால்தான் அதை வளர்க்கும் முறை விளங்கும். மரம் வருஷந்தோறும் பருத்துக்கொண்டே போகும். மூங்கில் அவ்வாறு பருப்பதில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும் முளை எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் அந்தக் கழியின் ஆயுள் பருமன். இரண்டு மூன்று மாதத்துக்குள் அது தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். பிறகு மூன்று வருஷ காலம் நின்ற இடத்திலேயே நின்று முற்றுமே தவிர, ஓர் அங்குலமும் வளராது. நட்ட முதல் வருஷம் வரும் முளை பென்ஸில் அளவு இருக்கும். அடுத்தது விரல் அளவு. அதற்கடுத்தது கைப்பிடி அளவு. ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகே அந்த இனத்துக்குரிய முழுப் பருமன் கிட்டும். “இரண்டு வருஷம் ஆயிற்று, குச்சி குச்சியாகவே இருக்கிறது” என்று கோபித்துக்கொண்டு பிடுங்கிப் போடுகிறவர்கள் இதை அறியாதவர்களே.

வீட்டை இடிக்குமா?

மூங்கில் என்றதும் பெரும்பாலான குடும்பஸ்தர்களுக்கு உண்டாகும் முதல் பயம், அதன் வேர் ஓடி வீட்டின் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும் என்பது. மூங்கிலில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் குளிர்ந்த பிரதேசங்களில் வளர்வது ஓடு மூங்கில். அதன் கிழங்கு கயிறு போல் நிலத்தடியில் பல அடி தூரம் ஓடி, அடுத்த வீட்டுக்காரரின் முற்றத்தில் தலை காட்டும். நமது உஷ்ணப் பிரதேசத்தில் வளர்பவை பெரும்பாலும் குத்து மூங்கில்கள். இவற்றின் கிழங்கு குட்டையாகத் தடித்து வளைந்து, தாய்க்கழியின் பக்கத்திலேயே அடுத்த கழியை எழுப்பும். ஆகையால் குத்து வருஷத்துக்குச் சில அங்குலமோ ஓர் அடியோதான் அகலும். நமக்குரியது இதுவே. சுவருக்கும் கிணற்றுக்கும் பதினைந்து அடியேனும் விலகி நட்டால் அஸ்திவாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள எங்கள் கொல்லையில் கடந்த பத்து வருஷங்களாக நான்கு இனங்களை அருகருகே வைத்துப் பார்த்து வருகிறேன். பிறர் வீடுகளில் கண்டவற்றையும் சேர்த்து என் அபிப்பிராயத்தைக் கூறுகிறேன்.

முள் மூங்கில்: நம் நாட்டுப் பழைய மூங்கில் இதுவே. எண்பது, தொண்ணூறு அடி உயரமும் ஆறு அங்குலக் கனமும் எட்டக்கூடியது. அடிக்கணுக்களில் வளைந்த முள்ளோடு கிளைகள் பின்னிக்கொள்வதால் கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாது. ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் கோட்டையைச் சுற்றி இதை வளர்த்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த அரணே தோட்டக்காரனுக்கும் பகை. நன்கு முற்றிய கழி நடுவில் இருக்கும். அதை வெட்டி வெளியே இழுப்பதற்குள் கையும் வேட்டியும் கிழிந்துவிடும். ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் உத்தமமானது. ஐந்து ஸென்ட் கொல்லைக்கு ஏற்றதன்று.

கல் மூங்கில்: பெயருக்கேற்றபடி வறண்ட நிலத்தில் உட்பொள்ளல் இல்லாமலே, அல்லது மிகச் சிறிய பொள்ளலுடன், கெட்டியாக வளரும். போலீஸ்காரரின் தடியும் தாத்தாவின் கைத்தடியும் இதிலிருந்தே வந்தவை. முப்பது நாற்பது அடிக்கு மேல் எங்கள் பக்கத்தில் போவதில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சாது. கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டுச் செத்தது போல் நிற்கும். மழை விழுந்ததும் பிழைத்துக்கொள்ளும். இதன் குறை, கழிகள் நெருக்கமாகவும் சற்றுக் கோணலாகவும் எழுவதே. வருஷந்தோறும் கலைத்துவிடாவிட்டால் குத்து இறுகிப் போகும்.

மஞ்சள் மூங்கில்: பொன் நிறத் தண்டில் பச்சைக் கோடு இழுத்த இந்த மூங்கிலைப் பார்த்து மயங்காதவர் இல்லை. முள் கிடையாது. ஒரு கணுத் துண்டை ஈர மண்ணில் படுக்கவைத்தாலே வேர் பிடித்துவிடும். ஆனால் ஈரத்தை விரும்புவது. கோடையில் தண்ணீர் விடாமற்போனால் இலை கருகி முகம் வாடிப்போகும். மேலும் இதன் கழியில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் வெட்டி வைத்த சில மாதத்திற்குள் உளு விழுந்து பொடி கொட்டத் தொடங்கும். அழகுக்கு முதல் மார்க்கு, உபயோகத்திற்குக் கடைசி மார்க்கு.

பால்கூவா: வங்காளம், அஸ்ஸாம் பக்கத்துச் சரக்கு. முள்ளில்லாதது, சுவர் தடித்தது, கட்டட வேலைக்குப் பெயர் பெற்றது. இதிலிருந்து தேர்ந்தெடுத்துத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கியதைத்தான் ‘பீமா’ என்ற பெயரில் விற்கிறார்கள். எங்கள் கொல்லையில் வேகத்தில் இதை மிஞ்சியது வேறொன்றும் இல்லை. ஆனால் பீமன் வளர்ந்தால் பீமனுக்குச் சாப்பாடும் போட வேண்டும். எருவும் நீரும் குறைந்தால் கழி மெலிந்து விடுகிறது. ஒரு குத்துக்கு இருபது அடிச் சதுரம் ஒதுக்க இயலாதவர்கள் இதை நினையாமலிருப்பதே நலம்.

வேலி மூங்கில்: பட்டணவாசிகளுக்கு நான் சிபாரிசு செய்வது இதையே. விரல் கனம், பத்துப் பன்னிரண்டு அடி உயரம், சிறு இலை. மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் மூன்று வருஷத்தில் பச்சைச் சுவர் எழும்பிவிடும். கத்தரிக்கோலுக்கும் கோபித்துக்கொள்ளாது.

‘புத்தர் வயிறு’ என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அதையும் பலர் கேட்கிறார்கள். கணுவுக்குக் கணு தொந்தி போட்டிருக்கும் அது, தொட்டியில் வேருக்கு இடமும் நீரும் குறைவாக இருக்கும்போதுதான் அப்படி உப்புகிறது. நல்ல மண்ணில் இறக்கி வயிறார ஊட்டினால் தொந்தி கரைந்து நெட்டையாக நிமிர்ந்துவிடும்! மனித சுபாவத்துக்கு நேர் விரோதமான தாவரம். மஞ்சள் மூங்கிலின் குட்டை வகையொன்றும் இதே பெயரில் விற்பனையாகிறது. அதற்குத் தொந்தி பிறவிக்குணம்.

நடுதலும் வெட்டுதலும்

இரண்டடி ஆழமும் இரண்டடிச் சதுரமுமான குழியில் மட்கிய எருவும் மண்ணும் கலந்து, மழைக்கால ஆரம்பத்தில் நடலாம். உதிரும் இலைகளைக் கூட்டி எரித்துவிடக் கூடாது. அடியிலேயே கிடந்து மட்கட்டும். அதுவே மூங்கிலுக்கு மூடாக்கும் உணவும் ஆகும். வருஷத்துக்கொரு முறை குத்தைச் சுற்றி மண் அணைக்க வேண்டும்.

எந்தக் கழிக்கு எத்தனை வயது என்பதை நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு வருஷமும் புதிதாக எழும் கழிகளில் பெயிண்டினால் அந்த வருஷத்தைக் குறித்துவிடுங்கள். மூன்று வயது கடந்ததை மட்டும் வெட்டலாம். இளங்கழிதான் அடுத்த முளைக்கு உணவளிப்பது. அதை வெட்டுவது கன்றுக்குட்டியின் பாலைக் கறப்பதற்கு ஒப்பாகும். மழை ஓய்ந்த தை, மாசியில் வெட்டுவது நலம். தரைக்கு மேல் முதல் அல்லது இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டையில் மழைநீர் தேங்காது, கொசுவும் சேராது. வெட்டிய கழியை ஓடும் நீரில் மூன்று வாரமாவது அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து கரைந்து உளுவின் தொல்லை குறையும். வாய்க்கால் இல்லாதவர்கள் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கலாம்.

முளையைக் கறி சமைக்க எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சை முளையில் விஷச்சத்து உண்டு. நறுக்கி நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்ட பிறகே சமைக்க வேண்டும். சிறு குழந்தைகளும் ஆடுகளும் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் பூத்தால்?

இனி, பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். மூங்கில் பூத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற அச்சம் நம் ஜனங்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் அது வந்தது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் என் பாட்டனார் காலத்து முள் மூங்கில் குத்து ஒரே சமயத்தில் பூத்து, அடுத்த கோடைக்குள் அடியோடு காய்ந்துவிட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் சாந்தி செய்யச் சொன்னார்கள். என் தாயார் இனிக் கொல்லையில் மூங்கில் என்ற பேச்சே வேண்டாம் என்று தீர்மானமாகக் கூறிவிட்டார்கள். அதே குத்திலிருந்து மூன்று தலைமுறையாகக் கழி வாங்கிக் கூடையும் முறமும் முடைந்து பிழைத்துவந்த குடும்பமொன்று எங்கள் தெருக்கோடியில் இருந்தது. அவர்களுக்கு அன்று நேர்ந்ததுதான் மெய்யான கேடு.

அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மிஜோ மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 வருஷத்துக்கொரு முறை காடு முழுதும் ஒருங்கே பூக்கிறது. 1911-12, 1958-59, 2006-07 ஆகிய காலங்களில் அவ்வாறு நிகழ்ந்தது. கொட்டிக் கிடக்கும் கனியைத் தின்று எலிகள் பெருகும், கனி தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் புகும், பஞ்சம் வரும். 1959-ல் வந்த பஞ்சத்தின்போது குடிகளுக்குக் காலத்தில் உதவி கிட்டாத மனக்குறையே பின்னர் 1966-ல் அங்கே ஆயுதக் கலகமாக மூண்டது. 1986-ல்தான் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஆக, கேட்டை விளைவித்தவை எலியும் பசியும் அலட்சியமும். மூங்கில் தன் இயல்பின்படி பூத்தது, அவ்வளவே. நெல்லும் வாழையும் குலை தள்ளியபின் சாவதை நாம் அபசகுனம் என்றா சொல்கிறோம்?

அந்தக் கோடையில் உதிர்ந்த மூங்கிலரிசியை என் தாயாரே முறத்தில் கூட்டி அள்ளினார்கள். பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளையும் உணவு நான்கனுள் மூங்கில் நெல்லும் ஒன்று என்று புறநானூறு சொல்வதை அப்போது எடுத்துக் கூறினேன். அவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் முதல் மழைக்குப் பிறகு, காய்ந்த குத்தின் அடியில் நூற்றுக்கணக்கில் பச்சை ஊசிகளாக நாற்று முளைத்திருந்ததைக் கண்டு வெகு நேரம் நின்றார்கள். “போகிறதுக்கு முன்னாலே இத்தனை பிள்ளைகளைப் பெற்று வைத்துவிட்டுப் போயிருக்கிறதே, இதையா நாம் பழி சொன்னோம்?” என்றார்கள். அந்த நாற்றுகளை வாய்க்கால் கரையில் வைத்தோம். கொல்லையில் மேலே சொன்ன இனங்கள் வந்தன. இன்று கூடைக்காரர் வீட்டுக்குக் கழி வாய்க்கால் கரையிலிருந்து போகிறது.

இதிலிருந்து புதிதாக நடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முள் மூங்கிலும் கல் மூங்கிலும் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடிபவை. விதையிலிருந்து வந்த நாற்றுக்கு வயது பிறந்த நாளிலிருந்து தொடங்கும். கிழங்கிலிருந்தோ கணுவிலிருந்தோ எடுத்த கன்று தாயின் வயதையும் சுமந்துகொண்டே வரும். தாய் பூக்கும் பருவத்தில் தானும் பூத்துவிடும். ஆகையால் கன்று வாங்கும்போது விலையைக் கேட்பதோடு, விதைக்கன்றா கணுக்கன்றா என்றும், தாய்க்குத்து கடைசியாக எப்போது பூத்தது என்றும் கேளுங்கள். நர்ஸரிக்காரர் விழித்தால் விழிக்கட்டும். இடமிருப்பவர்கள் ஒரே குத்தின் கன்றுகளைக் கொண்டு கொல்லையை நிரப்பாமல், இரண்டு இனமாகவோ இரண்டு இடத்துக் கன்றாகவோ நடுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். பூத்துவிட்டால் காய்ந்த குத்தைக் கோடைத் தீக்கு விடாமல், விதை உதிர்ந்ததும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். விதையில் இரண்டு படியை அரிசியாக்கிப் பொங்கல் வையுங்கள். மிச்சத்தை உடனே விதையுங்கள், ஏனெனில் நாட்பட்டால் அதன் முளைப்புத்திறன் போய்விடும்.