பிக்கப்பில் பூட்டியதும் கழற்ற வேண்டியதும்

சுங்கை பட்டாணியிலிருந்து பாடாங் செராய் வழியாகக் கூலிமுக்குச் செல்லும் சாலையோரத்தில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்க்கு, கெடா மாநிலத்துத் தமிழிளைஞர்களின் பொருளாதார நிலையைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு அபிப்பிராயங்கள் ஒருசேர உண்டாகக்கூடும். ஏனெனில், தோட்டத்து லயன்களை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஹைலக்ஸ் என்றும் டிமேக்ஸ் என்றும் ட்ரைட்டன் என்றும் பெயர் தாங்கிய பிக்கப் வண்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி, காட்டுப் பாதைக்கென்றே வார்த்த முரட்டு டயர்களைப் பூட்டி, கூரைமேல் இரும்புச் சட்டமும் விளக்கு வரிசையும் ஏற்றிக் கம்பீரமாக ஓட்டிச் செல்வதையும், அதே பிள்ளைகள் சற்றுத் தள்ளியுள்ள எண்ணெய் நிலையத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து முகம் வாடி நிற்பதையும் அவர் ஒரே சாலையில் காணலாம்.

இந்த வாட்டத்துக்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் 10ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசாக இருந்த டீசல் ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாயிற்று. சபாவுக்கும் சரவாக்குக்கும் லாபுவானுக்கும் பழைய விலையே நிலைத்தது. தகுதியுடைய டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் புடி மடானி என்ற திட்டத்தின்வழி மாதம் 200 வெள்ளியை அரசாங்கம் வழங்கத் தலைப்பட்டது. அன்றைய விலையேற்றமாகிய 1 வெள்ளி 20 காசைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், அந்த உதவி ஏறத்தாழ 167 லிட்டருக்கு ஈடு செய்யும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒருவர், கம்பெனியிலிருந்து வந்த நிலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தந்த வண்டியை, அலங்காரங்களுக்குப் பிறகு 9 கிலோமீட்டர் தரும் வண்டியாக மாற்றிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 30 லிட்டர் அதிகம் செலவாகும். அன்றைய விலையில் அது 100 வெள்ளி. அதாவது, அரசாங்கம் கொடுத்ததில் சரிபாதியைத் தம் விருப்பத்தாலேயே காற்றுக்கும் இரும்புக்கும் அவர் தானம் செய்துவிடுகிறார். விலையேற்றத்தைக் குறைகூற அவருக்கு உரிமை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பாதிக்கு புத்ராஜெயாவைக் குறைகூறுவது நியாயமாகாது.

விநோதம் என்னவென்றால், இந்த நஷ்டத்தை ஈடுகட்ட அவர் மேலும் ஒரு பொருளை வாங்கிப் பூட்டுகிறார். எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து யந்திரத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லும் குப்பி, டாங்கில் ஊற்றும் திரவம் என்று ஒட்டுக்கடைப் பேச்சில் நாளொரு மருந்து அடிபடுகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய சாதனங்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பரிசீலித்து, குறிப்பிடத்தக்க சிக்கனம் தருவது ஒன்றையும் காணவில்லை என்று எப்போதோ அறிவித்துவிட்டது. எஃப்-150 போன்ற பெரும்பருமன் பிக்கப்புகளின் தாயகமே அந்நாடு. நம் வண்டிகள் அவற்றின் இளைய சகோதரங்கள்தாம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அடுத்த ஆண்டிலேயே, நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு விதித்த தேசமும் அதுதான். நம் கணக்கில் அது 88 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வேகத்தைக் குறைத்ததன் தத்துவம் எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதாகையால், குருண் நகரை அடுத்த நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை எதிர்க்கும் காற்று, 110இல் செல்லும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. உயர்த்திய உடலும் கூரைச் சட்டமும் விளக்கு வரிசையும் காற்றுக்கு மேலும் பரப்பைக் காட்டுகின்றன. ஆகவே முதலில் கழற்ற வேண்டியது கூரைமேல் உள்ளதை. அதற்குத் தேவை ஒரு ஸ்பேனரும் அரைமணி நேரமும். பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று தாராளமாகப் போய்விடும் என்று நம்பிப் பலர் அதைத் தொங்கவிட்டு ஓட்டுகின்றனர். மூடிய கதவுக்கு முன்னே, தொட்டிக்குள் சுழன்று தங்கும் காற்றே ஒரு மெத்தைபோல அமைந்து, மேலே வரும் காற்றை வழுக்கிவிடுகிறது என்பதால், கதவை மூடி ஓட்டுவதே பெரும்பாலும் லாபம்.

டயர் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். வண்டியோடு வரும் 265/65 ஆர்17 டயரின் குறுக்களவு 776 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக ஆசையோடு பூட்டும் 285/70 ஆர்17 டயரின் குறுக்களவு 831 மில்லிமீட்டர். 7 சதவீதம் பெரிது. ஒரு சுற்றில் அதிக தூரம் உருளுகிறபடியால், ஓடோமீட்டர் 700 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 749 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதை அறியாமல் கணக்குப் போடுபவர், தம் வண்டி உள்ளதைவிட அதிகமாகக் குடிப்பதாக எண்ணி மனம் நோகிறார். வேகமானியும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டுவதால், 110 என்று நம்பி 118 வரை ஓட்டுவதும் உண்டு. பழைய டயருக்கு மாறிய மறுவாரத்தில், அதே மீட்டரை நம்பி, சேமிப்பைப் பெரிதாக எண்ணி மகிழ்ந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களையோ கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸையோ வைத்து மீட்டரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, ஒரே நிலையத்தில் ஒரே பம்பில் டாங்க் நிரம்ப ஊற்றி, மறுமுறையும் அங்கேயே நிரப்பி வகுத்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த கணக்கு. அளவோடு கனமும் கூடுவதால், நிறுத்தி நிறுத்திப் போகும் பட்டணச் சாலையில் அந்தக் கனத்தை ஒவ்வொரு விளக்கிலும் புதிதாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது.

டீசலைத் தின்னும் காரணங்களில் பணம் செலவழிக்காமல் அறியக்கூடியது ஒன்று உண்டு. ஓடையிலும் சேற்றிலும் இறங்கி ஏறிய வண்டியின் பின்பிரேக் டிரம்மில் மண் அடைந்து, கட்டை முழுதும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் நடுவருகே, தொட்டுவிடாமல், புறங்கையை நீட்டிப் பார்த்தால், மற்றவற்றைவிட ஒன்று அனல் வீசுவது தெரிந்துவிடும். அங்கேதான் டீசல் சூடாகிப் பறக்கிறது. தார்ச்சாலை ஏறியும் நாற்சக்கர இயக்கத்தை விடுவிக்க மறப்பதும், செம்பனை ஆலையின் எடைமேடைக்கு முன் ஏர்கானுக்காக யந்திரத்தை ஓடவிட்டு உறங்குவதும் இதே வகை. கம்ப்யூட்டரில் கைவைத்து ‘பவர்’ ஏற்றிக் கரும்புகை கக்கும் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: அந்தப் புகை முழுதும் எரியாத எரிபொருள், 1996ஆம் ஆண்டின் டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தண்டனைக்கும் உரியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முரட்டு டயரும் உயரமும் ஆடம்பரமல்லாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அநீதி. கோல கெட்டில், பாலிங், சிக் வட்டாரங்களில் செம்பனைக் குலைகளை உள்பாதையிலிருந்து வெளிக்கொணரும் ஒப்பந்தக்காரர்களும் சிறுதோட்டக்காரர்களும், மழைக்காலத்தில் களிமண்ணாகக் குழையும் தோட்டத்துப் பாதையில், சாதாரண டயரோடு போனால் மாலைவரை சேற்றிலேயே நிற்க வேண்டியிருக்கும். பறித்த குலையைத் தாமதமின்றி, கூடுமானால் ஒரு நாளுக்குள், ஆலையில் சேர்க்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் தாழும் என்பதால் நின்றுவிடவும் முடியாது. அவர்களுக்கு அந்த டயர் தொழிற்கருவி. பட்டணத்துப் பிள்ளை அவர்களுடைய வண்டியின் தோற்றத்தை அழகென்று பார்த்து நகலெடுக்கிறான். அந்தத் தோற்றத்தின் மூலகாரணமோ, பழுதான ஒரு சாலை.

ஆகவே என் அபிப்பிராயத்தில் இதில் பெரும் பொறுப்பு தோட்ட நிர்வாகங்களைச் சார்ந்தது. செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்னதாகக் கிரேடர் விட்டு, ஓரக் கால்வாயைத் தூர்வாரி, சரளைக் கல் கொட்டிப் பாதையைச் செப்பனிடும் செலவை இந்நிர்வாகங்கள் மிச்சப்படுத்தும்போது, அது மறைந்துபோவதில்லை. டன் கணக்கில் கூலி பெறும் ஒப்பந்தக்காரரின் டீசல் கணக்கில் போய் ஏறிக்கொள்கிறது. டீசல் 2 வெள்ளி 15 காசாக இருந்தவரை பொறுத்துக்கொண்ட அந்தச் சுமையை, இனி ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் எழுத்திலேயே கொண்டுவருவது முறை: டன்னுக்கான கூலி டீசல் விலையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும், பாதை குறித்த காலத்தில் செப்பனிடப்படாவிட்டால் கூலி உயர வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத இந்த இரண்டு நிபந்தனைகளையும், ஒரே ஆலைக்குக் குலை ஏற்றும் வண்டிக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்பார்களானால், நிர்வாகம் கிரேடரை வெளியே எடுப்பதே தனக்கு மலிவென்று கணக்கிட்டு அறிந்துகொள்ளும்.