அப்பாவுக்கு ஹிந்தி தெரியும்!

செமஸ்டர் முடிஞ்சு மூட்டை முடிச்சோட ஊருக்குக் கிளம்பிட்டீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி என்னோட ஒரு லீவு கதையைக் கேட்டுட்டுப் போங்க.

மே மாச லீவில் ஃபேமிலியோட ஸ்ரீநகர் போயிருந்தோம். தால் ஏரி, ஷிகாரா படகு, பின்னாடி பனிமலை, முன்னாடி மஃப்ளர் கட்டின நான்... இப்படி ஏகப்பட்ட கனவு. முதல் நாள் ராத்திரியே அப்பா அணுகுண்டு போட்டார்.

"காலையில நாலரைக்கு எல்லாரும் ரெடியா இருங்க. ஏரிக்குள்ள காய்கறி மார்க்கெட் இருக்காம். பாத்துட்டு வந்துடலாம்."

"ஏங்க, இங்க வந்துமா மார்க்கெட்?" அம்மா தலையில் கை வச்சாங்க. தங்கச்சி போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. எனக்கோ கடுப்பு. காரணம் இருக்கு.

எங்க அப்பா கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. கொத்தவால் சாவடியில் எடுபிடிப் பையனா வேலைக்குச் சேர்ந்தவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு வந்தப்போ அவரும் கூடவே வந்தார். நாங்க தூங்கிட்டிருக்கும்போது வேலைக்குப் போவார். மத்தியானம் சட்டை முழுக்க வெங்காய வாசனையோட திரும்புவார். காலேஜில் யாராவது "உங்க அப்பா என்ன பண்றார்?"னு கேட்டா, "பிசினஸ்"னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவேன். மூணு வருஷமா அதே பதில்தான்.

இருட்டோட ஷிகாராவில் ஏறினோம். செம குளிர். படகுக்காரர் இதய வடிவத் துடுப்பால் சத்தமே இல்லாம தண்ணியைத் தள்ள, ஹவுஸ்போட் வரிசையெல்லாம் பின்னாடி போச்சு. ரெண்டு பக்கமும் நாணல். நடுவில் பச்சைப் பசேல்னு காய்கறித் தோட்டம். கரையில் இல்லை, தண்ணி மேல!

"அது ராட், மிதக்கற தோட்டம்"னு ஹிந்தியில் விளக்கினார் படகுக்காரர். நாணலையும் ஏரியில் வளர்ற களைகளையும் பாய் மாதிரி அடுக்கி, அது மேல ஏரிச் சேற்றைப் போட்டுப் பயிர் வைக்கிறாங்க. நகர்ந்து போகாம இருக்கக் கம்பு நட்டுக் கட்டி வைக்கணும். தேவைப்பட்டா தோட்டத்தையே படகில் கட்டி இழுத்துட்டுப் போகலாம். அந்தக் காலத்தில் ராத்திரியோட ராத்திரியா தோட்டத்தையே திருடிட்டுப் போன கதையும் உண்டாம். நம்ம ஊரில் கிணத்தைக் காணோம்னு சிரிச்சோமே, அங்கே நிஜமாவே தோட்டத்தைக் காணோம்!

இதையெல்லாம் எனக்கு யார் மொழிபெயர்த்தாங்கன்னு நினைக்கிறீங்க? அப்பா! "உங்களுக்கு எப்படிப்பா ஹிந்தி?"னு வாயைப் பிளந்தேன். "நாசிக் வெங்காய லாரி டிரைவர்கிட்ட முப்பது வருஷமா தமிழ்லயா பேசிட்டிருந்தேன்?"னார் கூலா.

வெளிச்சம் வர்றதுக்குள்ள மார்க்கெட் வந்துடுச்சு. ஒல்லிப் படகுகள் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டு நிக்குது. ஹாக் கீரை, முள்ளங்கி, டர்னிப், நூல்கோல், புதினா. தாமரைத் தண்டைத் தேடினேன். அது இலையுதிர் காலம், குளிர்காலத்துச் சரக்காம். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கட்டுக் கட்டா கீரை பறக்குது. வாங்கறவங்களும் படகில்தான். அத்தனையும் ஸ்ரீநகர் கடைகளுக்குப் போற சரக்கு.

நான் எழுந்து நின்னு, பேரம் பேசிட்டிருந்த ஒரு தாத்தா முகத்துக்கு நேரா மொபைலை நீட்டினேன். அப்பா சட்டுனு என் கையை இறக்கினார்.

"வியாபாரம் நடக்கற நேரத்துல குறுக்க நிக்காதடா. ஏழு மணிக்குள்ள சரக்கு போகலைன்னா அவருக்கு இன்னிக்குப் பொழப்பு போச்சு. இது நமக்காகப் போட்ட செட் இல்ல."

சுருக்குனு இருந்துச்சு. அப்பா குரலில் அப்படி ஒரு கண்டிப்பை நான் கேட்டதே இல்லை. படகுக்காரரும் தலையாட்டினார். 2014 வெள்ளம், 2025 பஹல்காம் தாக்குதல்னு டூரிஸ்ட் வராத காலங்களை வரிசையாச் சொன்னார். "நீங்க வரலைன்னாலும் ஊர் சாப்பிட்டாகணுமே"ன்னார். அப்பாவுக்கு அது சட்டுனு புரிஞ்சது. 2020 கொரோனாவில் கோயம்பேட்டை மூடி, திருமழிசைக்கு மார்க்கெட்டை மாத்தினப்போ சேற்றில் நின்னு கணக்கு எழுதினவர் ஆச்சே!

பேரம் முடிஞ்சதும் அந்தத் தாத்தா அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்பா நெஞ்சில் கை வச்சு, "சப்ஜி மண்டி... மெட்ராஸ்"னார். மூணே வார்த்தை. தாத்தா முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. அப்புறம் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பேசினாங்க பாருங்க! உங்க ஊர்ல நூல்கோல் என்ன விலை, கமிஷன் எவ்வளவு, மழை வந்தா எப்படி... கிளம்பும்போது தாத்தா ஒரு கட்டு ஹாக் கீரையை எங்க படகில் போட்டார். அப்பா பணம் நீட்ட, தாத்தா வாங்கவே இல்லை.

நான் மூணு வருஷமா மறைச்ச வேலையை, அப்பா முன்பின் தெரியாத ஊரில் நெஞ்சில் கை வச்சுச் சொல்றார். அதுக்கு மரியாதையும் கிடைக்குது. கீரைக்கட்டை மடியில் வச்சுக்கிட்டு நான் திரும்பி வர்ற வழியெல்லாம் பேசவே இல்லை. வெயில் பட்டு மலை தங்கமா மின்னுச்சு. போட்டோ எடுக்கத் தோணலை.

ஹவுஸ்போட்டில் டிபன் சாப்பிடும்போது கோயம்புத்தூர் ஃபேமிலி ஒண்ணு அறிமுகமாச்சு. அந்த அங்கிள் வழக்கமான கேள்வியை என்கிட்ட கேட்டார். "அப்பா என்ன பண்றார் தம்பி?"

"கோயம்பேடு மார்க்கெட்ல கணக்குப்பிள்ளை, அங்கிள்."

அப்பா டீ கிளாஸிலிருந்து தலை நிமிரலை. அம்மா மட்டும் என் தட்டில் இன்னொரு ரொட்டி வச்சாங்க.

என்ன ஃப்ரெண்ட்ஸ், உங்க அப்பாவோ அம்மாவோ வேலை பார்க்கற இடத்தை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? காஷ்மீர் வரைக்கும் போகணும்னு அவசியமில்லை. இந்த லீவில் ஒரு நாள் அலாரம் வச்சு எழுந்து, அவங்க கூடவே கிளம்புங்க. நானும் போகப் போறேன், ராத்திரி ரெண்டு மணிக்கு!