காதுக்கு எட்டாத லட்சங்கள்

மும்பை, டெல்லி, பெங்களூர் என்று எந்தப் பெருநகரத்திலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். கார் பழையது, ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் மட்டும் புத்தம் புதியது. இரண்டு வருடம் முன்பு வாங்கியதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வாங்கியது. பக்கத்தில் டிஜிட்டல் கன்வர்ட்டர் என்று ஒரு பெட்டி. சி.டி.யிலோ கம்ப்யூட்டரிலோ எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் அலையாக மாற்றித் தருவது அதன் வேலை. விலை சில ஆயிரங்களில் தொடங்கிப் பல லட்சங்களுக்குப் போகிறது. மாற்றிய அன்று, பாட்டின் முன்னால் இருந்த திரை விலகியது என்பார்கள். அடுத்த மாடல் வந்ததும் இன்னொரு திரை விலகும்.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இவர்கள் எல்லோரும் தொழிலதிபர்கள் அல்ல. மாதச் சம்பளக்காரர்கள் உண்டு; ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை இதில் போட்டவர்களும் உண்டு. அந்தப் பணம் காதில் விழுகிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

அமெரிக்காவில் 1985-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்குச் சவால் விட்டார். நீங்கள் கொண்டாடும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரைக் கொடுங்கள், என் மலிவுச் சரக்கை அதேபோல ஒலிக்க வைக்கிறேன் என்றார். அவர்கள் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார்கள். மனிதர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகும்வரை தன் கருவியைத் திருத்தினார். கேட்டுப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கன்வர்ட்டர் விஷயம் இன்னும் சங்கடமானது. சி.டி.யைவிட உயர்ந்த தரமுள்ள பதிவுகளை மேயர், மோரன் என்ற இருவர் நேரடியாகவும், நடுவே சாதாரண சி.டி. தரத்துக்கு ஒருமுறை மாற்றியும் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். எது எது என்று சொல்லவில்லை. 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான பதில் 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் வந்திருக்கும்.

அப்படியானால் திரை விலகியது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. உண்மையிலேயே கேட்கிறார்கள். கன்வர்ட்டர்கள் வழக்கமாக 2 வோல்ட் தரும், சில 2.5 வோல்ட் தரும். அந்த அரை வோல்ட், சத்தத்தை ஏறத்தாழ 2 டெசிபல் உயர்த்திவிடுகிறது. இவ்வளவு சிறிய உயர்வைக் காது சத்தமாக உணராது. தெளிவாக, நெருக்கமாக உணரும். கடையில் இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். விலைச் சீட்டு பாக்கியைப் பார்த்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்குக் கன்வர்ட்டர்மீது ஒரு சகோதர பாசம். அதுவும் நம் ஜாதிதான். ஒன்றைச் சேர்க்காமல், ஒன்றை விடாமல் கொண்டுவந்து கொடுத்தால் போதும். மூலம் மோசமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை மாற்றிப் பயனில்லை. கீறல் விழுந்த 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்த நாதஸ்வரத்தை எத்தனை லட்ச ரூபாய்ப் பெட்டி வழியாகக் கேட்டாலும் கீறலும் சேர்ந்துதான் வரும்.

ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சில ஸ்பீக்கர்கள் மின்சாரத்தை நிறைய விழுங்கும். 84 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்கு, 90 டெசிபல் ஸ்பீக்கரைப்போல நாலு மடங்கு சக்தி தேவை. சக்தி போதாவிட்டால் உச்ச ஒலிகள் நசுங்கும். அது யார் காதுக்கும் தெரியும். ஆனால் 50 வாட்டை விட்டு 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் 500 வாட் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே செக்கில் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

யாரும் விற்காத ஒன்று இருக்கிறது: அறை. நம் அடுக்குமாடி வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது மார்பிள், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மற்ற சுவர்கள் மொட்டை. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். சோபா ஒரு இடத்தில் இருந்தால் அந்தச் சுரம் உறுமும், மூன்றடி தள்ளினால் காணாமல் போகும். ஏற்ற இறக்கம் 10 டெசிபலைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நல்ல கன்வர்ட்டர்களுக்கு இடையிலான வித்தியாசமோ, கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். காதின் கதையும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. வாங்க வசதி வரும் வயதும் அதுதான்!

வாங்கியே தீருவேன் என்பவர்கள் கடையில் ஒரு காரியம் செய்யலாம். மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துப்போய், இரண்டு பெட்டிகளின் சத்தமும் ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட்டாக இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பெட்டிகளைத் துணி போட்டு மூடச் சொல்லுங்கள். கூட வந்தவர் மாற்றி மாற்றிப் போடட்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால், பர்ஸைத் திறக்கலாம்.

டெல்லியில் ஒரு நண்பர் நாலு லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பணம் கட்டும் யோசனையில் இருந்தார். அதற்கு முன்னால் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம். மார்பிள் தரையில் கனமான கம்பளம், கண்ணாடிக்குத் தடித்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. மொத்தச் செலவு முப்பதாயிரத்துக்குள் அடங்கியது. அன்று இரவு அவர் மனைவி முதல்முறையாக ஒரு முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்டார்.

ஆறு மாதம் கழித்து நண்பர் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிவிட்டார். கனத்த அலுமினிய முகப்பு, இரண்டு மீட்டர்கள், நீல வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.