வழி எழுதாத கணக்கு



எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு, முன்பு இங்கே மண்டோராக இருந்தவரின் மகன் கோலாலம்பூரிலிருந்து ஒரு மின்சாரக் காரில் வந்து இறங்கினார். சத்தமில்லாமல் வந்து நின்ற அந்தக் காரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்குப் புகைக்குழாயே இல்லையே! அப்படின்னா இது காத்தைக் கெடுக்கவே கெடுக்காதா?" என்று கேட்டான்.

"கெடுக்காதப்பா" என்று சொல்லிவிட்டு நான் பிரசாதம் வாங்கப் போய்விட்டேன்.

அந்தப் பதில் இரவெல்லாம் மனத்தை உறுத்தியது. விடையை மட்டும் எழுதி வரும் பிள்ளையிடம், "வழி எங்கேடா?" என்று கேட்கிற வாத்தியார் நான். அன்று நானே வழியில்லாமல் விடை சொல்லியிருந்தேன். ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடமும் சொல்கிறேன்.

சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தை உங்களுக்குத் தெரியும். நம் ஷா ஆலாமிலும் அதன் கார்களைப் பூட்டுகிறார்கள். 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரக் கார்களை மட்டுமே விற்போம் என்று அந்த நிறுவனம் 2021இல் உறுதி கூறியது. அதே ஆண்டில் ஒரு நல்ல காரியமும் செய்தது. சி40 என்னும் தன் மின்சாரக் காரையும் எக்ஸ்சி40 என்னும் தன் பெட்ரோல் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கனிமம் தோண்டுவது முதல் கார் பழைய இரும்பாகப் போவது வரை எவ்வளவு கரியமிலக் கணக்கு ஏறுகிறது என்று வழியோடு எழுதி வெளியிட்டது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது மின்சாரக் கார்தான் பெரிய கடனாளி! பேட்டரியும் அலுமினியமும் செய்ய அவ்வளவு எரிபொருள் செலவாவதால், செய்யும்போதே பெட்ரோல் காரைவிட ஏறக்குறைய 70 விழுக்காடு கூடுதலாகக் கரி ஏறிவிடுகிறது. ஓட ஓடத்தான் அந்தக் கடன் அடைகிறது. 200,000 கிலோமீட்டர் ஓடி முடித்தால் பெட்ரோல் காரின் கணக்கு 59 டன். மின்சாரக் காருக்கோ, காற்றாலை மின்சாரம் ஏற்றினால் 27 டன். ஐரோப்பிய மின்சாரமானால் 42 டன். உலகச் சராசரி மின்சாரமானால் 50 டன்.

கடன் அடையும் தூரமும் அப்படியே மாறுகிறது. காற்றாலை மின்சாரத்துக்கு 49,000 கிலோமீட்டர். ஐரோப்பிய மின்சாரத்துக்கு 77,000. உலகச் சராசரிக்கு 110,000. கார் அதே கார்தான். சுவரில் இருக்கும் பிளக்குக்குப் பின்னால் எரிவது எது என்பதுதான் வேறு.

நம் பிளக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் தருவதுதான். பேராக் மாநிலத்து மஞ்சோங்கில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரிதான் எரிகிறது. ஆகவே நம்மைக் காற்றாலை வரிசையில் சேர்க்க முடியாது.

என் பழைய புரோட்டோன் சாகா ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் 110,000 கிலோமீட்டரை எட்ட ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்காரருக்கோ மூன்று ஆண்டுகூட ஆகாது. சிறிய காருக்கு எண்கள் மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் நிறைய ஓடுகிறவரே முதலில் மாற வேண்டியவர் என்பது விளங்குகிறதல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக, நன்றாக ஓடும் வண்டியைத் தள்ளிவிட்டுத் தவணைக் கடனில் விழுவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கதை இன்னும் முடியவில்லை. 2024 செப்டம்பரில் வோல்வோ தன் உறுதியைத் தளர்த்திக் கொண்டது. 2030இல் 90 முதல் 100 விழுக்காடு வரை மின்சாரக் கார்களும், எண்ணெயும் மின்சாரமும் கலந்து ஓடும் பிளக்கு வைத்த கார்களும் இருக்கும் என்று இலக்கை மாற்றியது. மின்சாரம் ஏற்றும் நிலையங்கள் மெதுவாகவே பெருகுகின்றன, சில அரசாங்கங்கள் சலுகைகளை நிறுத்திவிட்டன என்று காரணமும் சொன்னது. சொன்ன சொல் தவறியதற்காக நாம் குறை கூறலாம். ஆனால் வழியை எழுதி வைத்ததால்தானே நம்மால் சரிபார்க்க முடிகிறது? "பசுமை" என்று பச்சை வண்ணத்தில் அச்சடித்து, ஓர் எண்கூடத் தராத விளம்பரங்களை என்ன செய்வது? விடை மட்டும் எழுதிய நோட்டுக்கு நான் போடும் மதிப்பெண்தான் அவற்றுக்கும்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த மாணவனை அழைத்து, "அன்று நான் சொன்னது அரைகுறைப் பதிலப்பா" என்று ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் கணக்கைப் போட்டேன். கூர்ந்து பார்த்தவன், "அப்போ நம்ம ஸ்கூல் பஸ்ஸைத்தான் முதல்ல மாத்தணுமா சார்?" என்றான்.

காருக்குப் போட்ட கணக்கு பஸ்ஸுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், என்னைப் போல் பிரசாதம் வாங்க ஓடிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.