சம்பளமில்லாத வாத்தியார்

அமெரிக்காவில் வளர்ந்த என் பேத்தி இந்தக் கோடையில் போலந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் இடமும் முகாமில். விமானக் கட்டணம் கைக்காசு. "காசு கொடுத்து வேலை பார்ப்பார்களா?" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். பாதிக் கட்டணம் என் பென்ஷனிலிருந்து என்றால் இன்னும் சிரிப்பார்கள்!

1989இல் ஆட்சி மாறும்வரை போலந்துப் பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயம். பிறகு எல்லோருக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது, வாத்தியார்கள் போதவில்லை. நியூயார்க்கிலுள்ள கோசியுஸ்கோ அறக்கட்டளை 1991இல் அங்கே கோடை முகாம்களைத் தொடங்கி, அமெரிக்கத் தொண்டர்களை அனுப்பியது. இன்று இலக்கணத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது. பேசிப் பழகத்தான் ஆள் வேண்டும். பாட்டு, பந்து விளையாட்டு, சாப்பாட்டு வேளை அரட்டை எல்லாம் முகாமில் பாடம்தான்.

கரக்பூர் பட்டறையில் ஃபிட்டர்களோடு டீ குடித்துத்தான் எனக்கு வங்காளம் வந்தது. அதற்கென்று வாங்கிய புத்தகம் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் இன்னும் கரும்பலகையும் எழுத்தும்தான். பிள்ளைகள் நாலு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். ஊரிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலரை விடுமுறையில் பத்து நாள் வரவழைத்து, நம் குழந்தைகளோடு தமிழிலேயே விளையாடவிட்டால் என்ன? ரயில் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். சாப்பாடு நம் வீடுகளில். இரண்டு பேருக்கு என் வீட்டில் இடமுண்டு.